தண்ணீரைத் தாங்கும் மூடி எண்ணெயைத் தாங்குவதில்லை

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, டிஷ்யூ பேப்பர் மேல் இரவு முழுக்கத் தலைகீழாக நிறுத்தி வையுங்கள். காலையில் பேப்பர் காய்ந்தே இருக்கும். அதே பாட்டிலைத் துடைத்து உலர்த்தி, சூரியகாந்தி எண்ணெயை ஊற்றி, அதே இறுக்கத்தில் மூடி, மறுபடி தலைகீழாக வையுங்கள். பல பாட்டில்கள் இந்த இரண்டாவது இரவில்தான் தோற்கும். பேப்பரில் ஒளி ஊடுருவும் ஈர வட்டம் ஒன்று விழுந்திருக்கும். மலையேறக் கிளம்புகிறவர்களில் பலர் இதை வீட்டில் செய்து பார்ப்பதில்லை. முதுகுப்பைக்குள்ளே, மாற்றுத் துணிக்கும் ஸ்லீப்பிங் பேக்குக்கும் நடுவில் வைத்துத்தான் செய்து பார்க்கிறார்கள்.

எண்ணெய் தண்ணீரைவிடக் கெட்டி. தண்ணீரே புக முடியாத இடுக்கில் அது எப்படிப் புகும் என்று கேட்கத் தோன்றும். அறை வெப்பநிலையில் சமையல் எண்ணெயின் பாகுநிலை தண்ணீருடையதைப்போல ஐம்பது மடங்குக்கும் மேல் என்பது உண்மைதான். ஆனால் பாகுநிலை தீர்மானிப்பது எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை மட்டுமே. போகுமா, போகாதா என்ற கேள்விக்கு விடை வேறிடத்தில் இருக்கிறது. இரவு முழுக்க ஓய்வாகப் படுத்திருக்கும் பாட்டிலுக்கு அவசரம் ஒன்றும் கிடையாது.

இவ்வளவு தொல்லை பிடித்த பொருளை மலைக்கு ஏன் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? காரணம் எடைக் கணக்கு. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கிலோகலோரி தருகின்றன. கொழுப்பு 9 தருகிறது. 100 மி.லி. எண்ணெய் 92 கிராம்தான் இருக்கும், அதில் 820 கிலோகலோரிக்கு மேல் கிடைக்கும். அதே ஆற்றலை அரிசியாகக் கொண்டுபோனால் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சுமக்க வேண்டும். தோளில் எல்லாவற்றையும் சுமந்து நடக்கிறவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே உறைக்கும். அது போக, வெறும் தண்ணீரில் கிண்டிய ரவை உப்புமாவை மூன்றாம் நாளும் விரும்பிச் சாப்பிடுகிறவரை நான் பார்த்ததில்லை.

இனி அந்த இடுக்குக்கு வருவோம். மூடியும் பாட்டிலின் வாய் விளிம்பும் சந்திக்கும் இடத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், மேடும் பள்ளமுமான இரண்டு பரப்புகள் அங்கங்கே சில புள்ளிகளில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். மற்ற இடமெல்லாம் இடைவெளி. அது 10 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம்; தலைமுடியின் தடிமனில் ஏழெட்டில் ஒரு பங்கு.

முதலில் தண்ணீர் வந்து இந்த வாசலில் நிற்கிறது. தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பலமாகப் பிடித்துக்கொள்பவை. அந்தப் பிடிப்பைப் பரப்பு இழுவிசையாக அளந்தால் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் வருகிறது. பாட்டிலும் மூடியும் செய்யப் பயன்படும் பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்குகளிடம் தண்ணீருக்குப் பெரிய ஒட்டுதல் கிடையாது. துளி பரவாமல் முத்தாக உட்காரும். துளியின் விளிம்பு பிளாஸ்டிக்கைத் தொடும் கோணம் 90 டிகிரியைச் சற்றே தாண்டும். அது 90-ஐத் தாண்டிவிட்டால் இடுக்கு திரவத்தை உள்ளே இழுக்காது, எதிர்த்துத் தள்ளும். 10 மைக்ரான் இடுக்குக்குள் தண்ணீரை நுழைக்க அதன் தலைக்கு மேல் ஏறக்குறைய 15, 20 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்று அழுத்த வேண்டும். கையடக்கமான பாட்டிலில் அந்த உயரம் இருக்காது. ஆகவே தண்ணீர் வாசலிலேயே நின்றுவிடுகிறது. மூடி சரியாகப் பொருந்தாதபோதும் நாம் அதை நல்ல மூடி என்று நம்பிவிடுகிறோம்.

சமையல் எண்ணெயின் பரப்பு இழுவிசை 32 முதல் 35 வரைதான். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வில்லியம் சிஸ்மன் ஒவ்வொரு திடப்பொருளுக்கும் ஓர் எல்லை எண் உண்டு என்று காட்டினார். திரவத்தின் பரப்பு இழுவிசை அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் அது திடத்தின் மேல் தடையில்லாமல் பரவிவிடும். பாலிஎத்திலீனின் எண் 31. எண்ணெய் கிட்டத்தட்ட அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. அதனால் துளியாகத் திரளாமல் படலமாகப் படர்கிறது. இடுக்கைக் கண்டால் விளக்குத் திரியில் ஏறுவதுபோல் தானாகவே ஏறுகிறது. தண்ணீரைத் தடுத்த அதே 10 மைக்ரான் இடுக்கு எண்ணெயை 70 செ.மீ. உயரம் வரை இழுத்து நிறுத்தும் வலுவுள்ளது. பாட்டிலை நிமிர்த்தி வைத்திருந்தாலும் கழுத்தில் ஒரு மெல்லிய படலம் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், எண்ணெய் மேலேறி விளிம்பைத் தாண்டும். தாண்டிய பிறகு வெளிச்சுவரும் அதற்கு இணக்கமான பரப்புதான். படர்ந்து கீழே இறங்குகிறது. இறங்குவது பின்னால் இருப்பதையும் இழுக்கிறது.

எவ்வளவு நேரம் ஆகும்? மூடியின் மரையைச் சுற்றிச் சுற்றி எண்ணெய் கடக்க வேண்டிய வழி 10 செ.மீ. என்று கொண்டால், 10 மைக்ரான் இடுக்கில் அதற்கு ஒன்றரை மணி நேரம் போதும். மரைக்கு நடுவே இருக்கும் இடைவெளி பெரும்பாலும் இதைவிடப் பெரியது என்பதால் இன்னும் சீக்கிரமே ஆகலாம். வெயிலில் சூடேறினால் பாகுநிலையும் குறைகிறது. 60 டிகிரியில் எண்ணெய் அறை வெப்பநிலையில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு கெட்டிதான் இருக்கும். முதுகுப்பையின் மேல் பாக்கெட்டில் நண்பகல் வெயிலில் கிடக்கும் பாட்டில் இரவுச் சோதனையில் தேறியதாக இருந்தாலும் நம்ப முடியாதது இதனால்தான்.

தண்ணீருக்கு நாம் கொடுக்கும் நற்சான்றிதழில் இன்னொரு ஏமாற்றும் கலந்திருக்கிறது. தண்ணீர் கசிந்தாலும் நமக்குத் தெரிவதில்லை. மணிக்கு அரைத்துளி கசிந்தால் அது கசிந்த இடத்திலேயே ஆவியாகிப் போய்விடும். எண்ணெய் ஆவியாவதில்லை. வந்தது அப்படியே நிற்கும், அடுத்தது வந்து சேரும், தூசியும் ஒட்டிக்கொள்ளும். சமையலறை அலமாரியில் எண்ணெய் பாட்டில் நின்ற இடத்தில் மட்டும் பிசுக்கு வட்டம் இருப்பதற்கும் பக்கத்தில் நின்ற வினிகர் பாட்டிலுக்கு அப்படி ஒன்று இல்லாததற்கும் இதுதான் காரணம்.

சரி, எண்ணெய் ஒட்டாத பொருளில் பாட்டில் செய்துவிட்டால் என்ன? தோசைக்கல்லில் பூசும் டெஃப்ளானின் எல்லை எண் 18-ஐ ஒட்டியது. சாதாரணமாகக் கைக்குக் கிடைக்கும் பொருள்களில் இதைவிடத் தாழ்ந்தது அரிது. அதன் மேல் எண்ணெய் முழுதாகப் பரவுவதில்லைதான். ஆனாலும் தொடுகோணம் 90-ஐ எட்டுவதில்லை, பாதியை ஒட்டியே நிற்கிறது. எனவே டெஃப்ளான் இடுக்கும் எண்ணெயை இழுக்கவே செய்யும், கொஞ்சம் தயங்கி இழுக்கும். வழவழப்பான எந்தச் சாதாரணப் பரப்பும் சமையல் எண்ணெயை உருட்டித் தள்ளுவதில்லை. 2007-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் அனீஷ் துதேஜாவும் உடன் உழைத்தவர்களும் எண்ணெயை விலக்கும் பரப்பைச் செய்து காட்டியபோது, வேதியியல் மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. நுண்ணிய இழைகளைக் குடைபோல் உட்புறம் வளைந்த வடிவத்தில் அமைத்து, திரவத்துக்கு அடியில் காற்றைச் சிறைபிடிக்க வேண்டியிருந்தது. பாட்டில் மூடியில் எதிர்பார்க்கக்கூடிய சமாசாரம் அல்ல அது.

மழைக்கோட்டு செய்தவர்கள் இதைத் தம் செலவில் கற்றார்கள். பாப் கோர் 1969-இல் டெஃப்ளானை வெடுக்கென்று இழுத்து நீட்டி, கோடிக்கணக்கான நுண்துளைகள் கொண்ட சவ்வாக்கினார். வியர்வை ஆவி வெளியே போகும், மழைத்துளி உள்ளே வராது. கோர்டெக்ஸ் என்ற பெயரில் 1976-இல் சந்தைக்கு வந்த முதல் தலைமுறை உடைகள் சில மாதம் அணிந்த பின் நனையத் தொடங்கின. அணிந்தவரின் தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசை துளைகளுக்குள் ஏறி, அதுவரை தண்ணீரை வெறுத்துக்கொண்டிருந்த பரப்பை மாற்றிவிட்டிருந்தது. பிறகு சவ்வின் உட்புறத்தில் பாலியூரித்தேன் பூச்சு ஒன்றைக் கொடுத்து எண்ணெய் சவ்வைத் தொடாமலே செய்தார்கள். அதாவது விலக்க முடியாததை அணுகவிடாமல் செய்தார்கள்.

பாட்டிலுக்கும் அதே கதிதான். பொருளின் வெறுப்பை நம்பித் தண்ணீரை அடைத்து வைக்கலாம். எண்ணெயை அடைக்க இடுக்கே இல்லாமல் செய்ய வேண்டும்; நசுக்கி மூட வேண்டும், அல்லது உருக்கி ஒட்ட வேண்டும்.

நசுக்குவதை யார் செய்கிறார்கள்? மரை என்று பலர் நினைக்கிறார்கள். மரையின் வேலை மூடியைக் கீழே இழுத்துப் பிடிப்பது மட்டும். கசிவை நிறுத்துவது மூடிக்குள் இருக்கும் வட்டமான மெத்தை வாஷர், அல்லது வாஷர் இல்லாத மூடியானால் பாட்டிலின் வாய்க்குள் இறுக்கமாக இறங்கும் வளையம். இந்த வாஷர் உட்காரும் விளிம்பு சமதளமாக இருக்கிறதா என்பதில்தான் நல்ல பாட்டிலும் மோசமான பாட்டிலும் பிரிகின்றன.

மருந்துக் கடையிலும் பயணப் பொருள் கடையிலும் கிடைக்கும் மென்மையான பாலிஎத்திலீன் பாட்டில்களில் பெரும்பாலானவை, குழாயாகப் பிதுங்கி வரும் பிளாஸ்டிக்கை இரண்டு அச்சுப் பாதிகளுக்கு நடுவில் பிடித்துக் காற்றூதிச் செய்யப்படுபவை. அச்சுப் பாதிகள் சேர்ந்த கோடு பாட்டிலின் தோளில் ஏறி, கழுத்தைக் கடந்து, விளிம்பின் குறுக்கேயும் போகும். நகத்தால் வருடினால் தட்டுப்படும். வாஷர் அந்தச் சின்ன மேட்டின் இரண்டு பக்கமும் முழுதாகப் படியாது. அங்கே எண்ணெய்க்கு ஒரு ஒற்றையடிப் பாதை தயார். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து அந்தக் கோட்டைச் சமப்படுத்துகிறவர்கள் உண்டு. பொறுமை இருந்தால் செய்யலாம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது, குளிர்பானம் குடித்துவிட்டுத் தூக்கியெறியும் கால் லிட்டர் பெட் பாட்டில். அது செய்யப்படும் முறையே வேறு. கழுத்தும் மரையும் முதலில் அச்சில் அழுத்திச் செலுத்தி வார்க்கப்படுகின்றன, மில்லிமீட்டரின் சின்னப் பின்னம்வரை துல்லியமாக. உடம்பு மட்டும் பிறகு சூடாக்கி ஊதப்படுகிறது. கழுத்தில் அச்சுக்கோடு இருந்தாலும் மூடி படியும் விளிம்பில் இருக்காது. தவிர, சோடாவின் வாயு உள்ளே வளிமண்டலத்தைப்போல மூன்று நான்கு மடங்கு அழுத்தத்தில் நிற்பதற்காகவே அதன் மூடி வடிவமைக்கப்பட்டது. டூபாண்ட் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த நதானியல் வைத் 1973-இல் காப்புரிமை பெற்ற இந்தப் பாட்டில் முதுகுப்பைக்குள் படும் பாட்டைச் சிரித்துக்கொண்டே தாங்கும். எடையும் இருபது கிராம் சுமாருக்குத்தான். நதானியலின் தம்பி ஆண்ட்ரூ வைத் அமெரிக்காவின் பெயர்பெற்ற ஓவியர். தம்பியின் படங்களைச் சுவரில் மாட்டும் உலகம் அண்ணனின் படைப்பைக் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறது.

கொஞ்சம் செலவு செய்யத் தயாரானவர்களுக்கு ஆய்வுக்கூட பாட்டில் இருக்கிறது. அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் 1949-இல் ஆய்வுக்கூடங்களுக்குப் பிளாஸ்டிக் கலன்கள் செய்யத் தொடங்கிய நால்ஜீன், பின்னாளில் மலையேறிகளின் அடையாளமானது விஞ்ஞானிகள் விடுமுறையில் அந்தப் பாட்டில்களை மலைக்குக் கொண்டுபோனதால்தான். வேதிப்பொருளைத் தாங்கச் செய்த 60, 125 மி.லி. சிறு பாட்டில்களின் கழுத்து தடிமனானது, நசுங்கிக் கோணலாகாது.

தவிர்க்க வேண்டியதைச் சொல்வது சுலபம். கட்டைவிரலால் தட்டித் திறக்கும் மூடி, அழுத்தும் பம்ப், உறிஞ்சுவாய் வைத்த மூடி ஆகிய மூன்றும் எண்ணெய்க்கு ஆகாது. ஷாம்பூ அந்த மூடியில் ஒழுங்காக இருக்கிறதே என்று கேட்கலாம். ஷாம்பூ எண்ணெயைவிடப் பல மடங்கு கெட்டி. விளிம்பில் கசிந்த கொஞ்சமும் தண்ணீர் ஆவியாகிப் பசையாக உலர்ந்து, தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. எண்ணெயிடம் அந்த நல்ல குணம் இல்லை.

இதுவரை பாட்டில் அசையாமல் தரையில் இருந்தது. மலையில் அது உயரத்துக்குப் போகிறது. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல். இமாச்சலத்தின் ஹம்ப்டா கணவாய் 4,270 மீட்டர் சுமாருக்கு இருக்கிறது; அங்கே அழுத்தம் 600-ஐ ஒட்டி இறங்கிவிடும். சென்னையில் மூடிய விறைப்பான பாட்டிலுக்குள் சென்னைக் காற்று அப்படியே இருக்கும். விட்டம் இரண்டரை செ.மீ. உள்ள வாயில் கணக்குப் போட்டால், இரண்டு கிலோ எடைக்கல்லை வைத்து உள்ளிருந்து மூடியைத் தள்ளுவதற்குச் சமம். பாட்டில் படுத்துக் கிடந்தால் மூடியைத் தொட்டுக்கொண்டிருப்பது எண்ணெய். காற்று எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் இடுக்கைத் தேடும். விமானத்தில் போகிறவர்கள் மலை ஏறும் முன்பே இந்தச் சோதனையைச் சந்தித்துவிடுவார்கள். பயணிகள் அறையின் அழுத்தமே பெரும்பாலும் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்கு நிகரானது.

சூடும் தன் பங்குக்குச் சேர்கிறது. எண்ணெய் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் 0.7 பங்கு விரியும், தண்ணீரைப்போல மூன்று மடங்குக்கும் மேல். 250 மி.லி. எண்ணெய் அதிகாலைக் குளிரிலிருந்து 30 டிகிரி சூடேறினால் 5 மி.லி. கூடிவிடும். கழுத்துவரை நிரப்பிய பாட்டிலில் அந்த ஒரு டீஸ்பூனுக்கு இடம் கிடையாது. திரவம் காற்றைப்போல நசுங்கிக்கொடுக்காது, ஆகவே ஏதாவது ஒன்று வழிவிட்டே தீர வேண்டும்.

இரண்டுக்கும் ஒரே வைத்தியம். முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பி, பாட்டிலின் வயிற்றைக் கையால் அமுக்கி, காற்றை வெளியேற்றிக்கொண்டே மூடியைத் திருக வேண்டும். வயிறு ஒட்டிய பாட்டில் உயரத்தில் உப்பிப் பழைய உருவத்துக்கு வரும், அவ்வளவுதான். விறைப்பான கண்ணாடி, எஃகுக் குப்பிகளில் இது முடியாது என்பது அவற்றுக்கு எதிரான வலுவான வாதம். ஒவ்வொரு நாளும் முகாமில் மூடியைத் திறக்கும்போது அழுத்தம் சமமாகிவிடும் என்பதால், ஏறும் நாள்களில் மட்டும் இதில் கவனம் வைத்தால் போதும். இறங்கும்போது பாட்டில் சுருங்கும். வெளிக்காற்று உள்ளே வரப் பார்க்குமே தவிர எண்ணெய் வெளியே வராது.

மூடி மோசமானால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் கொடுமையான சாட்சி ஒன்று உண்டு. அது சமையல் எண்ணெய் அல்ல, சமைக்கும் எண்ணெய். 1911-12-இல் தென்துருவத்துக்குப் போன ஸ்காட்டின் குழு, திரும்பி வரும் வழிக்கென்று இடையிடையே உணவையும் ஸ்டவ்வுக்கான மண்ணெண்ணெயையும் தகரங்களில் வைத்துவிட்டுப் போயிருந்தது. தகரத்தின் திருகுமூடிக்குள் தோல் வாஷர். மண்ணெண்ணெயின் பரப்பு இழுவிசை சமையல் எண்ணெயுடையதைவிடக் குறைவு, பாகுநிலையோ மிக மிகக் குறைவு, ஆவியாகவும் செய்யும். கடுங்குளிரில் தோல் சுருங்கி விறைத்தது, வெயில் பட்ட நேரங்களில் தகரத்துக்குள் அழுத்தம் ஏறியது. திரும்பி வந்தவர்கள் அடுத்தடுத்த கிடங்குகளில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த எண்ணெயையே கண்டார்கள். எண்ணெய் இல்லையென்றால் சூடான சாப்பாடு இல்லை, பனியை உருக்கிக் குடிக்கத் தண்ணீரும் இல்லை. 1912 மார்ச் இறுதியில் ஸ்காட்டும் கடைசித் தோழர்கள் இருவரும் அடுத்த கிடங்கிலிருந்து 18 கி.மீ. தொலைவில் கூடாரத்துக்குள் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது மண்ணெண்ணெய்க் கசிவு மட்டும் என்று சொல்வது மிகை. பசி, குளிர், காயம், தாமதம் எல்லாம் சேர்ந்தன. ஆனால் அந்தப் பயணத்தில் இருந்த செர்ரி-காரார்டு பதிவு செய்திருக்கும் ஒரு தகவல் மனத்தில் தைக்கும். 1911 செப்டம்பரில் தலைமை முகாமிலேயே ஒரு பெட்டியில் வைத்துப் பனியில் மறைந்துபோன எட்டுத் தகரங்களை அடுத்த ஆண்டு டிசம்பரில் தோண்டி எடுத்தார்கள். மூன்று நிறைந்திருந்தன. மூன்று முழுக்கக் காலி. மிச்ச இரண்டில் பாதியும் குறையுமாக இருந்தது. ஒரே மாதிரித் தகரம், ஒரே மாதிரி மூடி, ஒரே பெட்டி. மூடியின் தரம் என்பது சராசரியைப் பார்த்து நம்பக்கூடிய விஷயம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான பரிசோதனையை யாரும் வேண்டுமென்றே அமைத்திருக்க முடியாது.

ஸ்காட்டுக்கு முன்னால் துருவத்தைத் தொட்ட அமுண்ட்சென் வாஷரை நம்பவில்லை. தகரங்களை உலோகம் உருக்கிப் பற்றவைத்தே மூடச்செய்தார். பற்றவைத்த இடத்தில் இரண்டு பரப்புகள் கிடையாது, ஆகவே நடுவில் இடுக்கும் கிடையாது. திரும்பும் வழியில் பெட்டி (Betty) என்ற மலையில் அவர் எழுப்பிய கற்குவியலை, பேர்டின் அண்டார்க்டிகா பயணக் குழுவைச் சேர்ந்த லாரன்ஸ் கோல்டும் தோழர்களும் 1929 டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். அமுண்ட்செனின் குறிப்பும், மண்ணெண்ணெய்த் தகரமும் அங்கே இருந்தன.

உருக்கி ஒட்டும் இந்த வழி நம் மளிகைக் கடையில் தொங்குகிறது. எண்ணெய் பாக்கெட்டின் ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் தாள்களும் சூட்டில் உருகி ஒரே தாளாகிவிட்டிருக்கின்றன. லாரியில் அடுக்கி, இறக்கி, எறிந்து, கடைக்கு வரும்வரை அது கசிவதில்லை. மலைக்கு உகந்த அளவில் சின்னப் பாக்கெட் கிடைத்தால் அதைவிட நல்ல கலன் இல்லை. தொல்லை, வெட்டித் திறந்த பிறகுதான். அதனால் ஒரு வேளைச் சமையலோடு தீரும் அளவாகப் பார்த்து வாங்க வேண்டும். அமெரிக்காவில் நீள்நடைக்காரர்கள் சிலர் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலில் ஒரு வேளைக்கான எண்ணெயை விட்டு, இரண்டு முனைகளையும் லைட்டரால் உருக்கி நசுக்கி ஒட்டிக்கொள்கிறார்கள். நல்ல யோசனை. நம் நாட்டில் 2022 ஜூலை முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்குத் தடை. காகிதக் குழலில் இந்த வித்தை பலிக்காது.

திரவமே வேண்டாம் என்பது மூன்றாவது வழி. கசிவதற்குப் பாய வேண்டும். உறைந்த கொழுப்பு பாயாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். நெய் 30-ஐத் தாண்டிய பிறகே முழுக்க இளகும். மூவாயிரம் மீட்டருக்கு மேல் இரண்டும் பகலிலும் பெரும்பாலும் கட்டியாகவே இருக்கும், ஸ்பூனால் சுரண்டி வாணலியில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் சென்னை சென்ட்ரலில் கிளம்பும் ரயிலில் இரண்டுமே எண்ணெய்தான். பயணத்தின் வெப்பமான கட்டத்துக்கு ஏற்றபடி அடைத்துக்கொண்டு, குளிர் வந்து உதவும்போது நன்றி சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். நல்லெண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் மலைக்குளிர் பெரும்பாலும் அந்த உதவியைச் செய்யாது.

கொழுப்பைத் தோளிலோ தலையிலோ வைத்து நடந்தே மலைக்குக் கொண்டுபோகும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. சபரிமலைக்கு இருமுடிக் கட்டு நிறைக்கும்போது தேங்காயின் நாரைச் சீவி, ஓட்டை வழவழப்பாகத் தேய்த்து, ஒரு கண்ணைத் திறந்து உள்ளிருக்கும் நீரை வடித்துவிட்டு, உருக்கிய நெய்யை ஊற்றுகிறார்கள். கண்ணைக் கார்க்கால் அடைத்து, மேலே மெழுகு வைக்கிறார்கள். பக்தியை ஒதுக்கிவைத்து வெறும் கலனாகப் பார்த்தாலும் நெய்த்தேங்காய் அசரவைக்கிறது. ஓட்டில் மூட்டு, மரை, அச்சுக்கோடு ஒன்றும் இல்லை. திறப்பு ஒன்றே ஒன்று, அதுவும் விரல் நுனியளவு. உட்புறப் பருப்பு ஈரமானது. ஈரப்பரப்பில் கொழுப்பு சுலபமாக ஒட்டி ஊடுருவாது. நாரைச் சீவிவிடுவதால் வெளியே திரிபோல் உறிஞ்சி இழுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. கார்க்கை அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்காமல் சுருங்கும், உள்ளே போனதும் விரிந்து சுவரை அழுத்தும். அதற்கும் மேல் உருகிப் படியும் மெழுகு எஞ்சிய நுண்ணிடுக்கையும் நிரப்பிவிடுகிறது. அமுண்ட்சென் உலோகத்தை உருக்கிச் செய்ததை இங்கே குருசாமி மெழுகை உருக்கிச் செய்கிறார். கார்த்திகை மார்கழிக் குளிரில் நெய் பாதி உறைந்தே பயணம் செய்வது கூடுதல் வசதி. தேங்காய் பொதுவாக விமானத்தின் கைப்பையில் அனுமதிக்கப்படுவதில்லை. 2024-25 சபரிமலைக் காலத்துக்கு, சோதனைகளுக்கு உட்பட்டு, இருமுடியில் வைத்துக் கொண்டுபோகலாம் என்று சிவில் விமானப் பாதுகாப்புத் துறை தளர்த்தியது.

தேங்காயைத் தினமும் திறந்து மூட முடியாது, சமைக்கிறவருக்குப் பாட்டில்தான். திறந்து மூடும் பாட்டிலில் கசிவு பெரும்பாலும் ஊற்றிய பிறகே தொடங்குகிறது. ஊற்றி நிமிர்த்தும்போது கடைசித் துளி வாயை விட்டுப் பிரியாமல் விளிம்பைச் சுற்றி மரைக்குள் இறங்கிவிடும். அதன்மேல் மூடியைத் திருகினால், வாஷருக்கு அடியிலேயே ஒரு எண்ணெய்ப் படலத்தைப் பாலமாகப் போட்டுக்கொடுத்தவர் ஆகிறோம். மரையில் எண்ணெய் பட்டால் உராய்வும் குறைகிறது. நடையின் குலுக்கலில் மூடி மெல்ல மெல்லத் தளர்கிறது. ஒவ்வொரு முறையும் விளிம்பையும் மரையையும் மூடியின் உட்புறத்தையும் காகிதத்தால் துடைத்த பிறகே மூட வேண்டும். விலை உயர்ந்த பாட்டிலைவிட இந்தப் பத்து வினாடி அதிகம் காப்பாற்றும் என்பது என் கட்சி. மறுநாள் காலை கிளம்பும் முன் இன்னொரு தடவை இறுக்குவதும் அவசியம். இறுக்கிவைத்த பிளாஸ்டிக் இரவோடு இரவாகக் கொஞ்சம் தளர்ந்துகொடுக்கும்.

அதன் பிறகும் கசியும் என்றே வைத்துக்கொள்ளலாம். கழுத்தைச் சுற்றி டிஷ்யூ பேப்பரை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால், எண்ணெய் எந்த நுண்புழைக் குணத்தால் வெளியேறுகிறதோ அதே குணத்தால் காகிதத்தில் சிக்கிக்கொள்ளும். காகிதம் எங்கே நனைகிறது என்பது கசியும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும். இதையெல்லாம் ஜிப்லாக் கவரில் போட வேண்டும். கவரின் வாயும் ஒரு இடுக்குதான், எண்ணெய் தேங்கினால் அதையும் கடக்கும். ஆனால் உள்ளே காகிதம் இருந்தால் தேங்க வாய்ப்பில்லை. பாட்டிலை நிமிர்ந்த நிலையில், பாத்திரத்துக்குள் வைப்பது நல்லது. இறகு நிரப்பிய ஸ்லீப்பிங் பேக்கிலிருந்து எட்டியே இருக்கட்டும். இறகின் நுண்ணிழைகள் எண்ணெய் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டு, காற்றைப் பிடித்துவைக்கும் திறனை இழந்துவிடும், அதாவது குளிர் தாங்காது. நீர் ஒட்டாத பூச்சுள்ள மேல்துணி காப்பாற்றும் என்று நம்பவேண்டாம். ஃபுளோரின் இல்லாமல் இப்போது வரும் பூச்சுகள் தண்ணீரை உருட்டிவிடும், எண்ணெயைக் குடித்துவிடும். எலிக்கும் கரடிக்கும் அந்த வாசனை அழைப்பிதழ் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இருவர் நான்கு நாள் சமைக்க, ஆளுக்கு நாளைக்கு 25 மி.லி. வீதம், 200 மி.லி. போதும். அதை ஒரே பாட்டிலில் கொண்டுபோவதைவிட நூறு நூறாக இரண்டில் பிரிப்பது மேல். இரண்டாவது பாட்டில், தேவைப்படும் வரை, துடைத்த விளிம்போடு திறக்கப்படாமலே இருக்கும். முதலாவது தோற்றுப்போனாலும் நட்டம் நூறோடு நிற்கும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே இரண்டையும் நிரப்பி, தலைகீழாக, மொட்டைமாடியில் வெயில் படும் இடத்தில், காகிதத்தின் மேல் ஒரு பகலும் ஓர் இரவும் வைத்துப் பாருங்கள். கறை தெரிந்தால் வேறு பாட்டில் தேட இன்னும் ஒரு நாள் கையில் இருக்கும்.